பொனற்றுக்கு அடியில் பழைய எஞ்சின்: இரண்டு பிரெஞ்சுக் கார்கள் பற்றி

சித்ரோயன் கொம்பனி 1934-ல் ஒரு கார் விட்டது. 1955-ல் இன்னொரு கார் விட்டது. முதலாவதின் பெயர் திராக்சியோன் அவான், இரண்டாவதின் பெயர் டிஎஸ். இரண்டில் எது திறம் என்று கேட்டால் கார்ப் பைத்தியங்கள் விடியும்வரைக்கும் சண்டை பிடிப்பார்கள். எங்களுக்குள்ளும் அந்தச் சண்டை நடந்தது. ஆனால் எங்களில் ஒருவர்கூட இந்த இரண்டு காரிலும் ஏறினது கிடையாது. நாங்கள் பார்த்ததெல்லாம் படத்தில்தான்.

எங்கட வட்டத்தில் ஒரு மாதம் ஜோன்-பியேர் மெல்வில் படங்களைப் போட்டுப் பார்த்தோம். முதலில் 1967-ல் வந்த 'லு சாமுராய்'. மழை பெய்கிறது. தொப்பி போட்ட ஒருவன் தெருவில் நிற்கிற ஒரு டிஎஸ்ஸுக்குள் ஏறி இருக்கிறான். கையில் ஒரு வளையம் நிறையச் சாவி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கார் ஸ்ரார்ட் ஆனதும் நேரே ஒரு கராஜுக்குப் போகிறான். அங்கே ஒருவர் வாய் திறக்காமல் நம்பர் பிளேற்றைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுகிறார்.

அடுத்த கிழமை 1969-ல் வந்த 'நிழல்களின் படை'. ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்துப் பிரான்ஸ். மெல்வில் தானே அந்த எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். இந்தப் படத்தில் கார் என்றால் கறுப்புக் கார். அதில் ஒரு காட்சி: தங்கட ஆளைக் காட்டிக் கொடுத்த ஒரு இளம் பொடியனை, 'பொலிஸ்' என்று சொல்லி, நடுத்தெருவில் வைத்துக் காரில் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது பொலிஸ் இல்லை. அவனுடைய பழைய தோழர்கள்தான்.

அந்தக் காட்சி முடிந்தபோது அறையில் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு ஒருத்தி சொன்னாள்: "எது வடிவான கார் எண்டு விடுங்கோ. அதுக்குள்ள ஆர் வந்தது எண்டு கேளுங்கோ."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஆனாலும் கார்களைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் போக ஏலாது. ஏனென்றால் இரண்டுமே உண்மையில் அருமையான கார்கள்.

மாடு முன்னுக்கு நிற்கிற கார்

'திராக்சியோன் அவான்' என்றால் முன்னால் இழுப்பது என்று அர்த்தம். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்னுக்கு இருக்கும், அதன் பலம் ஒரு நீளத் தண்டு வழியாகப் பின் சில்லுக்குப் போகும். பின் சில்லு தள்ளும், கார் ஓடும். இந்தக் காரில் முன் சில்லே இழுத்தது. எங்களுக்கு இதை விளங்கப்படுத்தின கராஜ் அண்ணை ஒரே வசனத்தில் முடித்தார்: "வண்டில்ல மாட்டை முன்னுக்குத்தானே கட்டுறம். பின்னுக்குக் கட்டித் தள்ளச் சொல்லுறேல்லையே."

இழுத்துக்கொண்டு போகிற கார் வளைவில் வழுக்காமல் போகும். பின்னால் தண்டு போகத் தேவையில்லை என்பதால் தளத்தைத் தாழ்த்தலாம். தாழ்த்தினால் ஏறுவதற்குப் படி தேவையில்லை. 1934-ன் மற்றக் கார்களுக்குப் பக்கத்தில் இதை நிறுத்தின படங்களைத் தேடிப் பாருங்கள். மற்றவை குதிரைவண்டியின் பேரப்பிள்ளைகள் போல உயரமாக நிற்கும். இது மட்டும் நிலத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

இன்னொரு விஷயம் அதன் உடல். முந்திய கார்களில் கீழே ஒரு கனத்த இரும்புச் சட்டம் இருக்கும், அதற்கு மேலே பெட்டியைக் கொண்டுவந்து வைத்துப் பூட்டுவார்கள். திராக்சியோனில் சட்டமும் பெட்டியும் ஒன்று. நண்டின் ஓடு மாதிரி, கோதே எலும்பு. முன் சில்லால் இழுப்பது, ஒற்றைக் கோது உடல், முன்சில்லுகள் தனித்தனியே அசைவது, ஹைட்ரோலிக் பிறேக் எல்லாம் தனித்தனியாக வேறு கார்களில் ஏற்கெனவே வந்தவைதான். எல்லாவற்றையும் ஒரே காரில் போட்டு, அதை லட்சக்கணக்கில் செய்து விற்றது இதுதான்.

அதைச் செய்த மூன்று பேரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினியர் ஆந்த்ரே லெஃபெவ்ர். உருவம் கொடுத்தவர் ஃபிளாமினியோ பெர்தோனி, இத்தாலிக்காரர், சிற்பி. கடனை உடனை வாங்கி இதைச் செய்வித்தவர் கொம்பனியின் சொந்தக்காரர் ஆந்த்ரே சித்ரோயன்.

சித்ரோயன் ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை. முதலாம் உலகப் போரில் பாரிஸின் ஜவேல் கரையில் ஷெல் செய்கிற தொழிற்சாலை கட்டியவர். போர் முடிந்ததும் 1919-ல் அதே இடத்தில் கார் செய்யத் தொடங்கினார். 1925-லிருந்து 1934 வரை ஈபிள் கோபுரத்தில் தன் பெயரை மின்விளக்கால் எழுதி வைத்திருந்தார். புதுக் காருக்காகத் தொழிற்சாலையையே இடித்துக் கட்டினார். காரைத் தானாகக் கியர் மாறுகிற காராக விடத்தான் முதலில் திட்டம். அந்தக் கியர்பெட்டி சரிவரவில்லை. கடைசி நேரத்தில் சாதாரண மூன்று கியர் பெட்டியைப் போட்டு அவசரத்தில் விட்டார்கள். முதலில் வந்த கார்களில் பிழைகள் நிறைய. கடன்காரர்கள் காத்திருக்கவில்லை. 1934 டிசம்பரில் கொம்பனி முறிந்தது. ஆகப் பெரிய கடன்காரரான மிஷெலின் ரயர்க் கொம்பனி அதை எடுத்துக்கொண்டது. 1935 ஜூலை 3-ல் சித்ரோயன் புற்றுநோயால் இறந்துபோனார்.

கார் சாகவில்லை. அதே 1935 ஜூலையில் பிரான்சுவா லெகோ என்ற விடுதிக்காரர் ஒரு திராக்சியோனை எடுத்து, ஒரு நாளைக்கு 1,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் 4 லட்சம் கிலோமீற்றரை முடித்தார். 1957 வரைக்கும் அந்தக் கார் ஏழரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இருபத்து மூன்று வருஷம் பெரிய உருமாற்றம் இல்லாமல் ஓடின கார் அது.

அதற்குள் ஆர் வந்தது?

1940-ல் ஜேர்மன் இராணுவம் பாரிஸுக்குள் வந்தது. பெற்றோல் இராணுவத்துக்கும் அதிகாரத்துக்கும் போனது. பொதுசனத்தின் கார்களில் பெரும்பகுதி நின்றுபோனது. ஓடினவற்றில் பல, பின்னாலோ பக்கத்திலோ ஒரு பெரிய அடுப்பைப் பூட்டி, விறகையும் கரியையும் எரித்து, அதில் வருகிற வாயுவில் ஓடின.

இந்த இடத்தை வாசிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. 90-களில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஏ40-யும் மண்ணெண்ணெயில் ஓடின கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகை கக்கிக்கொண்டு போன கார்கள். பொருளாதாரத் தடை எல்லா நாட்டிலும் மெக்கானிக்மாரைக் கெட்டிக்காரர் ஆக்கியிருக்கிறது.

ஆனால் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஊர் முழுக்க விறகிலும் சைக்கிளிலும் போகிற காலத்தில், இரவு ஊரடங்குக்குப் பிறகு பெற்றோலில் ஒரு கார் வந்து வாசலில் நிற்கிறது என்றால், அது ஆருடைய கார் என்று கேட்கத் தேவையில்லை. வேகமாகவும் வளைவில் பிடிமானமாகவும் ஓடின திராக்சியோனைக் கெஸ்டப்போ விரும்பி எடுத்தது. பாரிஸின் லோரிஸ்தோன் வீதி 93-ஆம் இலக்க வீட்டில் கெஸ்டப்போவுக்குக் கூலிக்கு வேலை செய்த பிரெஞ்சுக்காரர்களும் எடுத்தார்கள். யூதர்களைத் தேடிப் போன கார்களின் மூக்கில் சித்ரோயனின் இரட்டை அம்புக்குறி இருந்தது. ஒரு யூதரின் பெயரில் இருந்த கொம்பனியின் குறி.

1944 ஓகஸ்ட்டில் பாரிஸ் எழுந்தது. அதே கறுப்புத் திராக்சியோன்களை எதிர்ப்பியக்கத்தார் பிடித்தெடுத்து, கதவில் வெள்ளை மையால் தங்கட இயக்கத்தின் மூன்று எழுத்தை எழுதிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினார்கள். இன்றைக்கும் விடுதலையின் படம் என்று பிரான்ஸ் காட்டுகிற படங்களில் அந்தக் கார் நிற்கிறது. பயத்தின் கார் ஒரு கிழமைக்குள் விடுதலையின் கார் ஆனது. ஒரு வாளி வெள்ளை மை போதுமாக இருந்தது.

கதை அதோடும் முடியவில்லை. 1946-ல் பிரான்ஸில் ஒரு கொள்ளைக் கூட்டத்துக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரே 'திராக்சியோன் கூட்டம்'. அதன் தலைவன் பியேர் லூத்ரெல். அவனுடைய வரலாற்றை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அவன் அந்தப் பிரெஞ்சுக் கெஸ்டப்போவுடன் நின்றவன். 1944-ல் காற்று மாறினதும் எதிர்ப்பியக்கத்துக்குள் போனவன். பிறகு கொள்ளைக்காரன். மூன்று காலம், மூன்று வேஷம், ஓடினது ஒரே சாதிக் கார். ஒரு நகைக்கடைக் கொள்ளையில் தன் துவக்கே வெடித்துச் செத்துப்போனான்.

எழும்பி நிற்கிற தேவி

இனி மற்றக் கார்.

1955 ஒக்ரோபர் 5, பாரிஸ், கிராண் பலே மண்டபம், கார்க் கண்காட்சி. டிஎஸ்ஸின் துணியை விலக்கி முதல் 15 நிமிடத்தில் 743 பேர் காசு கட்டினார்கள் என்றும், அன்று பின்னேரத்துக்கு இடையில் அது 12,000 ஆனது என்றும் சொல்லுவார்கள். பிரெஞ்சில் 'டிஎஸ்' என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் 'தேஎஸ்' என்று வரும். அதற்கு அர்த்தம் பெண் தெய்வம். எங்கட 'தேவி'யும் அந்தச் சொல்லும் மிகப் பழைய ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது தற்செயலாக எங்களுக்குக் கிடைத்த சந்தோஷம்.

உருவம் கொடுத்தவர் அதே பெர்தோனி. எஞ்சினியர் அதே லெஃபெவ்ர். புதிதாக வந்த மூன்றாவது ஆள் போல் மஜேஸ். எஞ்சினியரிங் பட்டம் இல்லை. 17 வயதில் கொம்பனிக்குள் வேலைக்கு வந்தவர். ஏ.எல். முடித்துவிட்டு இனி என்ன செய்வது என்று நிற்கிற ஆக்கள் இவருடைய பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மஜேஸ் செய்தது இதுதான். இரும்பு ஸ்பிறிங்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு இரும்பு உருண்டை வைத்தார். உருண்டைக்குள் ஒரு பக்கம் நைதரசன் வாயு, மற்றப் பக்கம் எண்ணெய், இரண்டுக்கும் நடுவில் ஒரு இறப்பர்த் தோல். சில்லு ஒரு குழியிலோ கல்லிலோ ஏறினால் எண்ணெய் தள்ளும், வாயு சுருங்கி விரியும். எஞ்சின் ஓட்டுகிற ஒரு பம்ப் அந்த எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கும். அதே எண்ணெயால் ஸ்ரேறிங்கும் திரும்பியது, பிறேக்கும் பிடித்தது, கியரும் மாறியது. பிறேக்குக்குக் கால்மிதிகூட இல்லை. காளான் மாதிரி ஒரு இறப்பர்ப் பொத்தான், மெல்லத் தொட்டால் போதும்.

நிற்கிற டிஎஸ் நிலத்தோடு படுத்துவிடும். ஸ்ரார்ட் பண்ணினால் முதலில் பின்பக்கத்தை உயர்த்தி, பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, எழும்பி நிற்கும். மாடு எழும்புகிறதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஐந்து பேர் ஏறினாலும் பின்னால் மூட்டை ஏற்றினாலும் அதே உயரத்தில் நிற்கும். 1967-லிருந்து சில மாதிரிகளில் முன்விளக்கு ஸ்ரேறிங்கோடு சேர்ந்து திரும்பி வளைவுக்குள் வெளிச்சம் அடித்தது.

ரோலன்ட் பார்த் 1957-ல் வந்த தன் புத்தகத்தில் இந்தக் காரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். இன்றைய கார்கள் அன்றைய பெரிய கொதிக் தேவாலயங்களுக்குச் சமம் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. செய்தவர்களின் பெயர் தெரியாது, சனம் முழுவதும் அதைப் பார்த்து வாயைப் பிளக்கும். விலை கொடுத்து வாங்கும் ஆக்கள் கொஞ்சம், கண்ணால் வாங்கும் ஆக்கள் கோடி. நாங்கள் இரண்டாவது கூட்டம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இப்படி இருக்கும். திராக்சியோனில் தெரு முழுக்கக் கைக்கு வரும். ஸ்ரேறிங் கனம். கியர்த் தடி டாஷ்போட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். கல்லும் தார் விளிம்பும் மழைத்தண்ணியும் ஓட்டுகிற ஆளின் தோளுக்குத் தெரியும். டிஎஸ்ஸில் தெரு இல்லாமல் போய்விடும். குழி இருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஒன்று தெருவை உணர்த்துகிற கார், மற்றது தெருவை மறக்கடிக்கிற கார்.

1934-க்கும் 1955-க்கும் இடையில் பிரான்ஸுக்கு மறக்க நிறைய இருந்தது.

பொனற்றைத் திறந்தால்

எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்த தகவல் ஒன்றே ஒன்றுதான். டிஎஸ்ஸுக்கு என்று ஒரு புது ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குத் திட்டம் இருந்தது, அது நடக்கவில்லை. அதனால் அந்த விண்கலம் மாதிரியான உடலுக்குள் பழைய திராக்சியோனின் 1911 சிசி எஞ்சினைத்தான் வைத்தார்கள். மேல்பாகத்தை மட்டும் புதிதாக அலுமினியத்தில் செய்து போட்டார்கள். 1965-ல் புது எஞ்சின் வரும்வரை, பத்து வருஷம், தேவியின் நெஞ்சுக்குள் அடித்தது அந்தப் பழைய இதயம்தான்.

கார்க்காரர்கள் இதை டிஎஸ்ஸின் ஒரே குறை என்று சொல்லுவார்கள். எங்களுக்கு அது அந்தக் காலத்துப் பிரான்ஸின் படமாகவே தெரிந்தது.

டிஎஸ் வெளிவரும்போது அல்ஜீரியாவில் போர் தொடங்கி பதினொரு மாதம். பாரிஸில் சனம் புதுக் காருக்குப் பதிந்துகொண்டிருக்கும்போது, கடலுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு இராணுவம் ஆட்களைப் பிடித்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது. கிறிஸ்டின் ரோஸ் என்ற ஆய்வாளர் 1995-ல் வந்த ஒரு புத்தகத்தில் இதைத்தான் எழுதினார்: பிரான்ஸ் காரும் பிரிட்ஜும் வாங்கி நவீனமான கதையையும், அது தன் குடியேற்ற நாடுகளை இழந்த கதையையும் தனித்தனியே சொல்லிப் பழகிவிட்டார்கள், உண்மையில் இரண்டும் ஒரே கதை.

1961 ஒக்ரோபர் 17. அல்ஜீரியர்களுக்கு மட்டும் போட்ட ஊரடங்கை எதிர்த்து, ஆயிரக்கணக்கான அல்ஜீரியத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு பாரிஸ் தெருவில் அமைதியாக இறங்கினார்கள். பொலிஸ் அடித்தது, சுட்டது, ஆட்களைச் சேன் ஆற்றுக்குள் தள்ளியது. 11,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து நகரப் பஸ்களில் ஏற்றி விளையாட்டு மண்டபங்களில் அடைத்தார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையில் இன்றைக்கும் இணக்கம் இல்லை. பல பத்து என்பவர்களும் இருக்கிறார்கள், நூற்றுக்கு மேல் என்பவர்களும் இருக்கிறார்கள்.

நகரப் பஸ்களில் ஏற்றி விளையாட்டு மண்டபத்தில் அடைப்பது பாரிஸுக்குப் புதிதில்லை. 1942 ஜூலை 16, 17-ல் 13,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிரெஞ்சுப் பொலிஸ் பிடித்தது. குடும்பமாகப் பிடித்தவர்களை அப்படித்தான் பஸ்களில் ஏற்றி, சைக்கிளோட்ட மண்டபம் ஒன்றுக்குள் அடைத்தது. அந்த மண்டபம் இருந்ததும் சித்ரோயனின் ஜவேல் தொழிற்சாலை இருந்ததும் பாரிஸின் அதே 15-ஆம் வட்டாரம்.

1961-ல் பாரிஸ் பொலிஸின் தலைவர் மொறிஸ் பபோன். 1942-ல் அவர் எங்கே இருந்தார்? போர்தோ நகரத்து நிர்வாகத்தில் உயர் அதிகாரி. அங்கிருந்து யூதர்களை நாடுகடத்தினதில் அவருக்குப் பங்கு இருந்தது என்று 1998-ல் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. இடையில் அவர் பொலிஸ் தலைவராக இருந்தார், எம்.பி. ஆனார், அமைச்சரும் ஆனார். உடல் புதிது. எஞ்சின் பழசு.

அடுத்த வருஷம் குண்டு டிஎஸ்ஸுக்கே வந்தது. 1962 ஓகஸ்ட் 22, பெத்தி-கிளமார். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததற்காக ஜனாதிபதி டு கோலைக் கொல்லப் பிரெஞ்சுத் தீவிர வலதுசாரிகள் வழியில் காத்திருந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வெடி. கண்ணாடி உடைந்தது, ரயர்கள் வெடித்தன. கவசம் இல்லாத சாதாரண டிஎஸ். ஆனாலும் சாரதி பிரான்சிஸ் மரூ வேகத்தைக் குறைக்காமல் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டு கோல், மனைவி, மருமகன், ஒருவருக்கும் காயம் இல்லை. மஜேஸின் உருண்டைகளும் முன் சில்லு இழுப்பும்தான் காப்பாற்றின என்று கார்க்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார்கள். எங்களுக்கும் அதை வாசிக்கும்போது நெஞ்சு அடித்தது. ஆனால் டிஎஸ் என்றதும் 1962-ஐச் சொல்லுகிற எத்தனையோ காணொளிகளைப் பார்த்தோம். அதே காலத்துப் பாரிஸ் என்று 1961-ஐத் தொட்ட ஒன்றுகூட எங்கட கண்ணில் படவில்லை.

அரசு வாய் திறக்க எவ்வளவு காலம் எடுத்தது என்பதையும் பாருங்கள். 1942-க்குப் பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஜனாதிபதி சிராக் ஏற்றுக்கொண்டது 1995-ல். 1961-ஐ ஜனாதிபதி ஒல்லாந்து ஏற்றுப் பேசினது 2012-ல். ஒன்றுக்கு 53 வருஷம், மற்றதற்கு 51 வருஷம்.

எங்கட சண்டை

எங்களில் ஒருவரின் மச்சாள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறா. பழைய கார்கள் வரிசையாக ஊர் சுற்றுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்து அனுப்பினா. திராக்சியோனும் போகிறது, டிஎஸ்ஸும் போகிறது. மினுக்கித் துடைத்து, குறோமியம் பளபளக்க. பிள்ளைகள் கை காட்டுகிறார்கள். வடிவாகத்தான் இருந்தது. அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய காரைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிற ஆக்களில் எங்களுக்கு எப்பவும் விருப்பம்.

ஆனால் சண்டை அதற்குப் பிறகு திரும்பத் தொடங்கியது. எங்களில் பாதிப்பேர் டிஎஸ் கட்சி. அவர்கள் சொன்னது: "மறக்கிறதும் ஒரு தேவைதானே? அஞ்சு வருஷம் பயந்து, பட்டினி கிடந்து, அவமானப்பட்ட சனம், குலுங்காத ஒரு காரில ஏறி இருக்க ஆசைப்பட்டா அது குற்றமோ?" இது லேசான வாதம் இல்லை. போரைப் பார்த்த எங்கட அம்மா அப்பாமாரும் அதே ஆசையோடுதான் எங்களை வளர்த்தார்கள். பழசைக் கேட்டால் "விடு, சாப்பிடு" என்றுதான் சொல்லுவார்கள்.

மற்றப் பாதிப்பேர் திராக்சியோன் கட்சி. அவர்கள் சொன்னது: "குலுங்காத காரில போறது பிழையில்லை. தெருவில குழியே இல்லை எண்டு சொல்லுறதுதான் பிழை."

இந்த இடத்தில் கதை பிரான்ஸை விட்டு வந்துவிட்டது என்று எல்லாருக்கும் விளங்கியது. வெள்ளை வான் என்று சொன்னால் எங்கட நாட்டில் ஒருவரும் என்ன மொடல் என்று கேட்க மாட்டார்கள். நம்பர் பிளேற் இல்லாத ஒரு வாகனம் ஒரு சொல்லாகவே மாறின நாடு இது. அது மட்டும் இல்லை. கதவடிக்கு வந்த வாகனம் ஒரு தரப்பின் வாகனம் மட்டும் இல்லை என்பதும் எங்கட வீடுகளுக்குத் தெரியும். 'நிழல்களின் படை'யில் அந்தப் பொடியனைத் தோழர்களே ஏற்றிக்கொண்டு போன காட்சியில் நாங்கள் அமைதியானது அதனால்தான். 'துரோகி' என்ற சொல்லோடு வந்த வாகனங்களும் இருந்தன. அதைச் சொல்லாமல் வெள்ளை வானை மட்டும் சொன்னால், நாங்களும் எங்கட பொனற்றைத் திறக்காமல் வெளியே மினுக்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இப்போது ஏ9 வீதி காப்பெற் வீதி. பஸ்ஸில் நித்திரை கொண்டுகொண்டே கொழும்புக்குப் போகலாம். குலுக்கம் இல்லை. 2017 பெப்ரவரியில் அதே வீதியோரம், கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் படங்களோடு வந்து குந்தினார்கள். வருஷங்கள் போயும் அந்தப் போராட்டத்துக்குப் பதில் வரவில்லை. எத்தனை வாகனம் அவர்களைக் கடந்து போயிருக்கும். உள்ளே இருந்த எங்களுக்கு அந்த இடம் ஒரு நொடி. வீதி அவ்வளவு நல்லது.

எங்கட சண்டையில் ஒரு கட்சியும் வெல்லவில்லை. ஓட்டக் கிடைத்தால் எதை எடுப்பாய் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் டிஎஸ் என்றுதான் கை தூக்குவார்கள், திராக்சியோன் கட்சியும் சேர்த்து. அது எழும்பி நிற்கிற விதத்தைப் பார்த்தவர்கள் எங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்தக் காரைப் பற்றியும் இனி மூன்று கேள்வி கேட்பது என்று தீர்மானித்தோம். என்ன புதுசு? உள்ளே என்ன பழசு? ஆருடைய வாசலில் நின்றது?

முதல் இரண்டுக்கும் பதில் புத்தகத்தில் இருக்கிறது. மூன்றாவதுக்கான பதில் எங்கட வீடுகளில் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டு ஐயாவிடமோ ஒருநாள் கேட்டுப் பாருங்கோ: எந்த வாகனத்தின் சத்தம் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கு? சொன்னால் எழுதி வையுங்கோ. விருப்பமெண்டால் எங்களுக்கும் அனுப்புங்கோ. ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டாம்.